நாற்கரமும் நான்கு தீக்குச்சிகளும்

கணிதம் என்றதும் அடுத்த பக்கத்தைப் புரட்டத் துடிக்கும் நண்பர்களே, சற்றுப் பொறுங்கள். இது தேற்றமும் நிரூபணமும் நிறைந்த கட்டுரை அன்று. தில்லியில் கணிதம் பயிலும் நான் ஓர் ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் தோற்ற கதையும், அதனால் கற்ற பாடமுமே இதன் பொருள்.

நம் விடுதிச் சமையற்காரரின் மகள் அவள். வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தி. "கணக்கு மட்டும் இவளுக்கு வரவே வராது, தம்பி" என்று தந்தையே சொல்லிவிட்டார். அவளும் அதை நம்பிவிட்டாள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சொல்லித்தர ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் பலகோணத்தை விளக்கினேன். நேர்கோட்டுத் துண்டுகளால் அடைபட்ட தட்டையான உருவம் பலகோணம். பக்கங்கள் மூன்றானால் முக்கோணம், நான்கானால் நாற்கரம், ஐந்தானால் ஐங்கோணம். நான்கு பக்கங்களும் சமமாய், நான்கு கோணங்களும் செங்கோணமாய் அமைந்த நாற்கரம் சதுரம். கிளிபோல் ஒப்பித்தாள். மகிழ்ந்துபோய், ஒரு சதுரத் தாளை முனை கீழே வருமாறு சாய்த்துப் பிடித்து, "இது என்ன?" என்றேன்.

"பர்பி, அண்ணா."

"சதுரம் இல்லையா?"

"நேரா வச்சாத்தானே சதுரம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. ஒப்பித்த வாய்க்கும் பார்த்த கண்ணுக்கும் இடையே நான் ஒரு தொடர்பும் உண்டாக்கவில்லை. இது அவள் ஒருத்தியின் பிழையும் அன்று. டச்சு ஆசிரியத் தம்பதியரான பியர் வான் ஹீலேயும் டீனா வான் ஹீலேயும் 1957இல் தங்கள் ஆய்வுகளில் இதைத்தான் விளக்கினர். குழந்தை முதலில் உருவத்தை ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல் முழுமையாகவே பார்க்கிறது. பக்கம், கோணம் என்று பிரித்துக் காண்பது அடுத்த படி. இலக்கணம் பொருள்படுவது அதற்கும் பின்னர். நானோ மூன்றாம் படியில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன்!

அடுத்த ஞாயிறன்று சாக்குக்கட்டியை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில் பின்னாளில் பங்குகொண்ட அரவிந்த் குப்தா உருவாக்கிய வழி இது. மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகள் பக்கங்கள். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் அவை மூலைகள்.

அவளுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. பள்ளியில் 'திரிபுஜ்' என்று மூன்று புயங்களை எண்ணுகிறார்கள். நாம் முக்கோணம் என்று மூலைகளை எண்ணுகிறோம். நாற்கரத்தில் மறுபடி கரத்தை எண்ணுகிறோம். எது சரி? குச்சி ஒன்று, டியூப் ஒன்று என்று மாறி மாறிக் கோத்தபோது தானே கண்டுகொண்டாள்: "ரெண்டும் எப்பவும் ஒரே எண்ணிக்கைதான்!"

நான்கு குச்சிகளால் சதுரம் செய்தாள். சாய்த்துப் பிடித்து, ஒரு தாளின் மூலையை வைத்து அளந்தாள், கோணங்கள் மாறவில்லை. "இப்போது அமுக்கு" என்றேன். சதுரம் சரிந்தது, இரண்டு மூலைகள் கூர்மையாயின, இரண்டு விரிந்தன. குச்சிகள் அதே நான்குதாம். "இதுதான் அண்ணா நிஜப் பர்பி. அன்னைக்கு நீங்க காட்டினது சதுரம்தான்!" என்றாள். சதுரமும் ஒருவகைச் சாய்சதுரமே என்பதைப் பின்னொரு நாளுக்கு வைத்துக்கொண்டேன்.

முக்கோணத்தையும் அமுக்கினாள், அசையவில்லை. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் கோணங்களும் முடிவாகிவிடும். சதுரத்துக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே மூலைக்கு மூலை ஒரு ஈர்க்கைக் கட்டினோம். இரண்டு முக்கோணங்களாகி நின்றுவிட்டது. ஐங்கோணத்தை நிறுத்த ஒரே மூலையிலிருந்து 2 ஈர்க்குகள், 3 முக்கோணங்கள். அறுகோணத்துக்கு 3 ஈர்க்குகள், 4 முக்கோணங்கள். யமுனையின் பழைய இரும்புப் பாலத்தில் சட்டங்கள் ஏன் குறுக்கே பாய்கின்றன என்பதும் அன்றே அவளுக்கு விளங்கிற்று.

பிறகு ஒரு காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் சேருமாறு அடுக்கச் சொன்னேன். நேர்கோடு, அதாவது 180 பாகை! எந்த முக்கோணத்தைக் கிழித்தாலும் அப்படியே. ஆகவே நாற்கரத்தின் கோணங்கள் மொத்தம் 360, ஐங்கோணத்தில் 540, அறுகோணத்தில் 720. சூத்திரத்தை நான் எழுதவே இல்லை.

சென்ற மாதம் ஹுமாயூன் சமாதி வளாகத்திலுள்ள ஈசா கான் கல்லறைக்குப் போயிருந்தோம். 1547-48இல் எழுந்த எண்கோணக் கட்டடம் அது. சுற்றி வந்தவள் விரல்களை மடக்கிக் கணக்கிட்டாள். "எட்டு மூலைன்னா அஞ்சு ஈர்க்கு, ஆறு முக்கோணம், ஆயிரத்து எண்பது. எல்லா மூலையும் சமம்னா ஒண்ணுக்கு நூத்து முப்பத்தஞ்சு. சரியா, அண்ணா?"

சரிதான். அவள் தந்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என் இலையில் மட்டும் ஒரு வடை அதிகமாக இருந்தது.

இப்போது ஞாயிறு வகுப்பில் இன்னும் நான்கு குழந்தைகள் சேர்ந்திருக்கிறார்கள், நானோ ஒருவன். சங்க நண்பர்களே, கணிதம் தெரியாது என்று தயங்க வேண்டா. தீப்பெட்டி என் அறையில் இருக்கிறது. வால்வு டியூப் விடுதி வாசல் சைக்கிள் கடையில் கிடைக்கும். வாருங்கள்.