ஃபேனை நிறுத்துங்க, டீச்சர் பேசப் போறாங்க!

உள்ளே வாங்க, உள்ளே வாங்க! செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிடுங்கள். தரையில் ஒயர் ஓடுகிறது, மிதிக்காமல் சுவரோரமாக நடந்து வாருங்கள். வந்துவிட்டீர்களா? இதுதான் எங்கள் ஸ்டூடியோ! திருத்தணியில் ஒரு கேபிள் ஆபீஸின் மாடி அறை. ஒரு கேமரா, இரண்டு எல்.இ.டி. விளக்கு, சுவரை மூடிய பச்சைத் துணி, ஒரு ஸ்டூல், ஒரு மேஜை. குழந்தைகளுக்காக உள்ளூர் கேபிளில் வரும் எங்கள் அறிவியல் நிகழ்ச்சி முழுக்க முழுக்க இந்த அறையில்தான் தயாராகிறது. சம்பளம் என்ற பேச்சே இல்லை. எல்லோரும் ஆசைக்காகச் செய்கிறோம். அந்த ஆசை எனக்குத் தலைக்கேறிப் போயிருக்கிறது!

முதல் ரகசியம் மின்விசிறி. கேமரா ஓடும்போது அது சுற்றக் கூடாது. அதன் 'ஊம்' சத்தம் மைக்கில் ஏறிவிடும். கத்திரி வெயில் காலத்து வானிலை அறிக்கையைக் கேட்கிறவர்களுக்கு எங்கள் ஊரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேலூரையும் திருத்தணியையும் சொல்லாமல் அந்த அறிக்கை முடிவதே அபூர்வம். 40 டிகிரியைத் தாண்டுகிற நாளில் ஜன்னலையும் சாத்திவிட்டு, சிரித்த முகத்தோடு ஆவியாதலைப் பற்றிப் பேசிப் பாருங்கள்! நெற்றி வியர்வையையே உதாரணமாகக் காட்டிவிடுவேன். அதைவிடப் பொருத்தமான செய்முறை எந்தப் பாடநூலில் இருக்கிறது?

இரண்டாவது ரகசியம் புடவை. பச்சை கூடாது. பின்துணியோடு சேர்ந்து கம்ப்யூட்டர் அதையும் அழித்துவிடும், தலையும் கைகளும் மட்டும் மிதக்கும். நெருக்கமான கோடு போட்டதும் கட்டம் போட்டதும் கூடாது, திரையில் அலையடிக்கும். கண்ணாடி வளையலுக்கும் தடை, கை ஆட்டும்போதெல்லாம் மைக்கில் கலகலக்கும். ஒளிச்சேர்க்கை பாடத்தன்று மட்டும் பச்சைத் துணி இறங்கி நீலத் துணி ஏறும். இலையைக் காட்ட வேண்டுமே!

மூன்றாவது ரகசியம் பஞ்சாங்கம்! எங்கள் கேமரா தம்பிக்குப் பிழைப்பு கல்யாண வீடியோ. முகூர்த்த நாளென்றால் முருகன் மலையில் அடுத்தடுத்துத் தாலி கட்டும் ஜோடிகள், கீழே மண்டபம் மண்டபமாகக் கூட்டம். அன்று தம்பியைக் கையில் பிடிக்க முடியாது. அதனால் எங்கள் படப்பிடிப்பு அட்டவணை தினசரி காலண்டரைப் புரட்டித்தான் உருவாகிறது. முகூர்த்தமில்லாத ஞாயிறு என்று கண்டுவிட்டால் போதும், எனக்கு அன்றுதான் திருவிழா.

ஒலியைப் பற்றிய பாடம் எடுத்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வந்து குவியும்போது ஊர் முழுக்கப் பம்பைச் சத்தம்தான். அந்தச் சத்தத்தில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று யோசித்தோம். அந்தச் சத்தத்தையே பாடமாக்கிவிட்டோம்! பம்பை வாசிக்கும் அண்ணன் ஒருவரைத் திறந்த வெளியில் நல்ல தூரத்தில் நிறுத்தி, கேமராவை இந்தக் கோடியில் வைத்து அவர் கையை மட்டும் பெரிதாக்கிக் காட்டினோம். கோல் விழுவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம்தான் வரும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தானே போகிறது! கண்ணும் காதும் தனித்தனியாகச் செய்தி வாங்கும் அந்த நொடியைப் பார்த்து நாங்களே கை தட்டிவிட்டோம். சாயங்காலம் எடிட்டிங்கில் உட்கார்ந்த தம்பி, கல்யாண வீடியோப் பழக்கத்தில் சத்தத்தை இழுத்துக் கோலோடு பொருத்தப் போனான். "தம்பி, தொடாதே! அந்த இடைவெளிதான் பாடம்!" என்று நான் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

மலைப்படிகளும் எங்களுக்குப் பாடம்தான். ஆண்டின் நாட்களுக்கு ஈடாக 365 படிகள் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். அந்தக் கணக்கை வைத்துப் பூமி சூரியனைச் சுற்றுவதைச் சொன்னேன். ஒரு படி என்பது ஒரு நாள். ஒரு நாளில் பூமி தன் பாதையில் ஓடும் தூரம் ஏறத்தாழ 26 லட்சம் கிலோமீட்டர். நீ மூச்சு வாங்கி ஒரு படி ஏறுகிறாய், பூமி அலட்டாமல் அவ்வளவு தூரம் போய்விடுகிறது!

அது ஒளிபரப்பான வாரம், காய்கறிக் கடையில் ஒரு சிறுமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், லீப் வருஷத்துக்கு ஒரு படி ஏன் இல்ல?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெண்டைக்காய்க் கூடையை அப்படியே வைத்துவிட்டு அங்கேயே பாடம் தொடங்கிவிட்டேன். ஒரு சுற்றுக்கு 365 நாளும் போய் இன்னும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மிஞ்சுகிறது, நான்கு வருஷத்தில் அது ஒரு நாளாகிறது, ஆறு மணிக்குச் சில நிமிஷம் குறைவதால்தான் 1900 லீப் வருஷமாக இல்லை, 2000 லீப் வருஷமானது. பக்கத்தில் நின்ற பையன், "அக்கா, இங்கொகசாரி செப்பண்டி" என்றான். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தோடு இணைந்தாலும், வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழுமாக வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். தெரிந்த தெலுங்கில் இன்னொரு முறை சொன்னேன். அவன் கண் விரிந்தது. அதைப் பார்த்த கணமே எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் பொங்கி வந்துவிட்டது.

உண்மை இதுதான். குழந்தை பிறந்தபோது பள்ளி வேலையை விட்டவள் நான். கேமரா எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. ஐந்து நிமிஷத்தில் சொல்ல வேண்டியதை ஐந்து நிமிஷத்தில் சொல்ல, எதை முதலில் காட்டினால் ஆவல் பிறக்கும் என்று யோசிக்க, தேவையில்லாத வாக்கியத்தைத் தூக்கிப் போட எல்லாம் இந்த மாடி அறையில்தான் பழகினேன். ஆனால் லென்ஸ் சந்தேகம் கேட்பதில்லை. நான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதைக் குழந்தையின் முகம் மட்டும்தான் காட்டும். நல்ல பாடத்துக்கு இரண்டும் வேண்டும்.

இரண்டையும் ஒருவர் தாங்க முடியுமா? எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது! 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதர். அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரும் அவரேதான்! அங்கே பாடம் நடத்துவதை விடாமலே தூதர் பொறுப்பைப் பார்த்தார். 1962 முதல் அவர் பிறந்தநாளையே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். தூதரகத்தையும் வகுப்பையும் அவர் சேர்த்துச் சுமந்திருக்கிறார் என்றால், ஒரு வகுப்பையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் நான் சுமக்க மாட்டேனா?

அரசே இந்த வழியில் நடந்து காட்டியிருக்கிறது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்குச் சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் எட்டாவது தளத்தில் ஸ்டூடியோ அமைத்தார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே போய்க் கேமரா முன் நின்றார்கள். 2020 பொதுமுடக்கத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, அந்தப் பாடங்கள்தான் வீடுகளுக்குள் நுழைந்தன. பள்ளி ஆசிரியராகவே இருந்துகொண்டு திரையிலும் பாடம் எடுக்கலாம் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு சந்தோஷச் செய்தியும் கேளுங்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் நான் எப்போதோ தேறிவிட்டேன். 150 மதிப்பெண்ணுக்கு நடக்கும் தேர்வு அது. சான்றிதழுக்கு ஏழு வருஷம்தான் ஆயுள் என்றிருந்ததை, 2011 முதல் தேறியவர்கள் அனைவருக்கும் பொருந்தும்படி ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2021-இல் மாற்றினார்கள். பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்த காகிதத்துக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது!

ஆக, திட்டம் தயார். ஜூனில் பள்ளி திறக்கும்போது விண்ணப்பத்தோடு நான் வாசலில் நிற்பேன். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வருவேன். முகூர்த்தமில்லாத ஞாயிற்றில் அந்தக் கேள்விகள் இந்த மாடியில் நிகழ்ச்சியாகும். கேள்வி கேட்ட பிள்ளையின் பெயர் திரையில் ஓடும். அடுத்து வரப்போவது நெம்புகோல். எலுமிச்சை பிழியும் கட்டை, பாக்குவெட்டி, கிணற்று ஏற்றம் எல்லாம் மேஜைக்கு வந்தாயிற்று, ஏற்றம் மட்டும் சின்ன மாதிரி!

வேலையை விட்டு வீட்டிலிருக்கும் ஆசிரியத் தோழிகளே, உங்கள் ஊர் கேபிள் ஆபீஸிலும் ஓர் அரைமணி நேரம் சும்மாதான் கிடக்கும். போய்க் கேளுங்கள். பள்ளிக்குத் திரும்பும் ஆசை இருந்தால் அதையும் தள்ளிப் போடாதீர்கள். நம் பிள்ளைகளிடம் இருக்கும் கேள்விகளுக்கு ஒரு வகுப்பறை போதாது, ஒரு டி.வி.யும் போதாது. இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள்!