உங்களுக்குத் தெரியுமா? ஆய்வகங்களுக்கும் பரீட்சை உண்டு!

சளியையும் ரத்தத்தையும் சோதிக்கும் பி.சி.ஆர். ஆய்வகங்களையே சோதிக்கவும் ஏற்பாடு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள கியூ.சி.எம்.டி. போன்ற அமைப்புகள், எண் மட்டும் ஒட்டிய குழாய்களைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகின்றன. ஒன்றில் கிருமியின் மரபுப்பொருள் நிறைய இருக்கும். ஒன்றில் கண்டுபிடிக்கத் திணறும் அளவுக்குச் சொற்பம். இன்னொன்றில் அறவே இருக்காது. எதில் என்ன என்பது அனுப்பியவருக்கே தெரியும். இவற்றை ஆய்வகத்தின் கெட்டிக்கார ஊழியரிடம் கொடுத்துத் தனியாகச் சோதித்தால் பரீட்சைக்கே அர்த்தமில்லை. நோயாளியின் மாதிரியோடு சேர்த்தே ஓட்டவேண்டும்.

கிருமியே இல்லாத குழாய் ஏன்? பி.சி.ஆர். ஒவ்வொரு சுற்றிலும் மரபுப்பொருளை இரட்டிப்பாக்குகிறது. எல்லாம் சரியாக நடந்தால், 30 சுற்றில் ஒரே ஒரு பிரதி 100 கோடியைத் தாண்டிவிடும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு திவலை புதிய குழாயில் கலந்தாலும் ‘பாசிட்டிவ்’ வந்துவிடலாம். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. அனுப்பிய கோவிட் சோதனைப் பெட்டிகள் பல ஆய்வகங்களில் தடுமாறின. வைரஸே இல்லாத ஒப்பீட்டு மாதிரியும் வினைபுரிந்ததுதான் சிக்கல்.

எதிர்ப்பக்கப் பிழை இன்னும் கொடியது. 2021-இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு தனியார் ஆய்வகம், கோவிட் தொற்றியிருந்த சுமார் 43,000 பேருக்குத் தவறாக ‘நெகட்டிவ்’ சொல்லியிருக்கலாம் என அதிகாரிகள் முதலில் மதிப்பிட்டனர். வீட்டுச் சோதனையில் பாசிட்டிவ், பி.சி.ஆரில் நெகட்டிவ் என்று பலர் குழம்பிய பிறகே விஷயம் வெளிவந்தது. ஆண்டுக்குச் சில முறை வரும் பரீட்சைக் குழாய்களோடு, விடை முன்பே தெரிந்த அன்றாட ஒப்பீட்டு மாதிரிகளும் கட்டாயம் என்பது இதனால்தான்.