கோடுக்குள் ஒரு நடை – 12: காலி ஃபைலுக்கும் ஒரு வரி

ஃபைலுக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம், பெயரைத் தவிர வேறொன்றும் இல்லாத ஃபைல்கள். திறந்தால் ஓர் எழுத்துகூட இருக்காது. அளவு 0 பைட்.

மத்தளம்பாறையில் 2011-ல் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு, சங்கரன்கோவில் பிள்ளைகள் மென்பொருள் வேலைக்காகச் சென்னைக்கு ரயில் ஏறியே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் எங்கே சேர்ந்தாலும் புதியவர் கைக்கு வருவது பெரும்பாலும் பிறர் எழுதிய பழைய கோட்தான். அதற்குள் ஒரு காலி ஃபைல் கிடந்தால், யாராவது மறந்துவிட்டுப் போனதா, வேண்டுமென்றே வைத்ததா?

பைத்தானில் 'இனிட்' ஃபைல் பல இடங்களில் காலியாகவே இருக்கும். அது இருக்கும் ஃபோல்டர் ஒரு பேக்கேஜ் என்று அறிவிப்பதே அதன் வேலை. 2012-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்து அது இல்லாமலும் இம்போர்ட் நடக்கும். அதனால் "தேவையில்லை" என்று அழித்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட், சோதனைகளைத் தேடிப் போகும்போது இனிட் இல்லாத உள்ஃபோல்டருக்குள் நுழையாது. அங்குள்ள சோதனைகள் ஓடாது, பிழைச் செய்தியும் வராது. மற்றவை தேறினால் 'ஓகே' என்றே முடிவு வரும். சோதிக்காத கோட் சோதித்ததாகப் பெயர் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரிடம் போய்விடும்.

'கிட்கீப்' வேறு வகை. கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய கிட், காலி ஃபோல்டரைப் பதிவு செய்யாது. ஃபோல்டரைத் தக்கவைக்க உள்ளே ஏதாவது ஒரு ஃபைல் வேண்டும். அதற்காக வைக்கும் காலி ஃபைலின் பெயர்தான் கிட்கீப். அது கிட்டின் விதியல்ல, புரோகிராமர்களின் வழக்கம்.

இதே கிட், ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்தே அதற்கு அடையாள எண் தருகிறது. ஆகவே உலகத்திலுள்ள எல்லாக் காலி ஃபைலுக்கும் அதனிடம் ஒரே எண்தான். எது எதற்காக வைக்கப்பட்டது என்பது வைத்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் எழுதிவைக்காவிட்டால் அந்தக் காரணம் அவரோடு போய்விடும்.

காலியே சரியான நிரலாக இருந்ததும் உண்டு. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் 'ட்ரூ' என்ற கட்டளை ஒரு காலி ஃபைல். செய்ய ஒன்றும் இல்லாததால் அது எப்போதும் வெற்றியோடு முடியும். அதன் வேலையே அதுதான்.

இப்படி வேண்டுமென்றே வைத்த காலி ஃபைலைப் பற்றி எழுத வேண்டியது கொஞ்சம்தான்: ஃபைல் ஏன் இருக்கிறது, அழித்தால் எது நின்றுபோகும், எப்போது அழிக்கலாம். கமென்ட் இட முடிகிற ஃபைலில் உள்ளேயே எழுதலாம். முடியாவிட்டால் அந்த ஃபோல்டரின் ரீட்மீயில் எழுதலாம். "பிறகு எழுதுவோம்" என்று திறந்துவைத்த ஃபைலுக்கு வெறும் 'டூடூ' போதாது. யார், எந்த வேலைக்காக என்பதும் வேண்டும். அந்த வேலை கைவிடப்பட்டால் ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

கல்லூரி புராஜெக்ட் செய்யும் தம்பி, தங்கைகளே, லினக்ஸில் 'ஃபைண்ட்' கட்டளையோடு 'எம்ப்டி' சேர்த்தால் காலி ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். காரணம் தெரிந்தவற்றுக்கு இன்றே ஒரு வரி எழுதுங்கள். தெரியாதவற்றுக்கு, அதை வைத்தவர் வேறு வேலைக்குப் போவதற்குள் கேட்டு எழுதிவிடுங்கள்.