புறக்கடைக் கோழிக்குஞ்சு வளர்ப்பு

புறக்கடைக் கோழிக்குஞ்சு வளர்ப்பு என்பது வீட்டின் பின்புறத்திலோ முற்றத்திலோ சிறு எண்ணிக்கையில் வளர்க்கப்படும் கோழிகளின் குஞ்சுகளை, அவை பொரித்த நாள் முதல் தாமாக மேய்ந்து திரியும் பருவம் வரை பேணிக் காப்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய சிறு கோழிக் கூட்டங்கள் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் உள்ளன. பள்ளிச் செலவு, மருத்துவச் செலவு போன்ற அவசரத் தேவைகளுக்கு ஒரு சேவலை விற்றுப் பணமாக்கிக்கொள்ள முடிவது இவ்வளர்ப்பின் முதன்மையான பயனாகும்.

நாட்டுக்கோழி ஒன்று ஓர் ஆண்டில் ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் வரையே இடும். எனவே இவ்வளர்ப்பின் ஆதாயம் முட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், பொரித்த குஞ்சுகளில் எத்தனை பிழைத்து வளர்கின்றன என்பதையே சார்ந்துள்ளது. குளிர், நோய், கொன்றுண்ணிகள் ஆகியவற்றால் ஏற்படும் இழப்பில் பெரும்பகுதி முதல் எட்டு வாரங்களுக்குள்ளேயே நிகழ்கின்றது.

தாய்க்கோழியின் பணி

அடைக்கோழி ஒன்று 10 முதல் 12 முட்டைகளை நன்கு அணைத்து அடைகாக்கக்கூடியது. குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகும். அடைவைக்கும் கூடையில் மணலோ உமியோ பரப்பி, அதில் ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் போட்டுவைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இடி இடித்தால் முட்டைகள் கூமுட்டையாகிவிடும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. முட்டைகள் கெடுவதற்குப் பெரும்பாலும் கருக்கூடாமை, நெடுநாள் சேமித்து வைத்திருத்தல், கோடை வெப்பம் ஆகியவையே காரணங்களாகும். ஏழாம் நாள் இருட்டறையில் கைவிளக்கின் ஒளிக்கு எதிரே முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் குருதிக் குழாய்கள் சிலந்தி வலை போலத் தெரியும்.

பொரிப்பதற்குச் சற்று முன்னர் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் உறிஞ்சப்படுகின்றது. அதனால் பொரித்த குஞ்சு இரண்டு நாட்கள் வரை உணவோ நீரோ இன்றி உயிர்வாழ இயலும். முந்திப் பொரித்த குஞ்சுகள் பசியால் வாடாமல், பிந்திப் பொரிப்பவற்றுக்காகத் தாய் அடையிலேயே காத்திருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. பொரிப்பகங்கள் குஞ்சுகளை அட்டைப்பெட்டிகளில் தொலைவூர்களுக்கு அனுப்ப முடிவதும் இதனாலேயே.

புதிதாகப் பொரித்த குஞ்சின் உடலில் மென்தூவிகள் மட்டுமே உள்ளன. அதனால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. தாயின் இறகுகளே அதற்குப் போர்வையாகும். தாய் மண்ணைக் கிளறி, கொக்கரித்து அழைத்து, இரையைக் கொத்திப் போட்டு, எது உணவு என்பதையும் குஞ்சுகளுக்குக் காட்டுகின்றது. வானில் பறவையைக் கண்டால் ஒருவகை ஒலியையும், தரையில் வரும் விலங்கைக் கண்டால் வேறுவகை ஒலியையும் கோழிகள் எழுப்புவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வானத்து எச்சரிக்கையைக் கேட்ட குஞ்சுகள் ஓடி ஒளிகின்றன, அல்லது அசையாமல் பதுங்கிவிடுகின்றன.

குஞ்சுகளுடன் திரியும் காலத்தில் தாய் முட்டையிடுவதில்லை. குஞ்சுகளை விரைவில் பிரித்துவிட்டால் தாய் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். ஆனால் அதன் பிறகு தாய் செய்துவந்த வேலைகள் அனைத்தையும் வளர்ப்பவரே செய்தாக வேண்டும். வனராசா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்களில் அடைகாக்கும் இயல்பு குறைவு என்பதால், அவற்றின் குஞ்சுகளை வாங்குவோர் தொடக்கத்திலிருந்தே தாயின் இடத்தில் இருக்க வேண்டியவராகின்றனர்.

செயற்கை வெப்பமூட்டல்

தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பின்னர் வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைத்து வரலாம். இறகுகள் முளைத்து நிரம்பும் ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்துக்குப் பின் செயற்கை வெப்பம் பொதுவாகத் தேவைப்படாது.

தகரம் அல்லது தடித்த அட்டையை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே உலர்ந்த நெல் உமியை இரண்டு அங்குலம் பரப்பி, நடுவில் மின்குமிழைத் தொங்கவிடுவது எளிய முறையாகும். சதுரப் பெட்டியை விட வட்டம் சிறந்தது. குளிரில் குஞ்சுகள் மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள, அடியில் உள்ளவை மூச்சுத்திணறி இறந்துவிடும். வட்டத்தில் மூலை கிடையாது. இதற்குப் பழைய இழைக் குமிழே ஏற்றது. அது வாங்கும் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகின்றது. மின்சாரத்தைச் சேமிக்கும் எல்.ஈ.டி. விளக்கு ஒளியைத் தருமேயன்றிக் குஞ்சுகளுக்குப் போதிய வெப்பத்தைத் தராது. இதனை அறியாமல் குஞ்சுகளை இழந்தவர்கள் உண்டு.

வெப்பமானி இல்லாவிடினும் குஞ்சுகளின் நடத்தையே போதிய அளவுகோலாகும். விளக்கின் கீழ் நெருங்கிக் குவிந்து கீச்சிட்டால் குளிர்கின்றது. விலகிச் சென்று சிறகைத் தளர்த்தி வாய் பிளந்தால் வெப்பம் மிகுந்துவிட்டது. எங்கும் பரவி மேய்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தால் வெப்பம் சரியாக உள்ளது. மின்தடை நேரங்களில் சட்டியில் கரித்தணல் வைப்பது வழக்கமெனினும், மூடிய அறையில் அதனை வைத்தால் கார்பன் ஓரொட்சைடு வளிமம் சேர்ந்து குஞ்சுகளுக்கும் மனிதருக்கும் உயிர்க்கேடு விளைவிக்கும்.

திருவிழாக்களிலும் தெருக்களிலும் சாயம் பூசி விற்கப்படும் வண்ணக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவற்குஞ்சுகளாகும். வெப்பமூட்டப்படாமல் நாள் முழுதும் திறந்த கூடையில் இருப்பதால், அவற்றுட் பல சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. குழந்தைகள் இதற்குத் தம்மைக் காரணமாக எண்ணி வருந்துவது வீண்.

தீவனமும் நீரும்

வளரும் குஞ்சின் தீவனத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதம் இருத்தல் வேண்டும். குருணையும் கம்பும் மட்டும் போட்டால் இந்த அளவு கிடைக்காது. இக்குறையை நிரப்பச் சிற்றூர்களில் கையாளப்படும் முறை கறையான் பிடித்தலாகும். பழைய பானையில் நனைத்த சாக்குத் துணி, காய்ந்த சாணம், ஓலைத் துண்டுகளை இட்டு, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்தால், காலையில் கறையான்கள் நிறைந்திருக்கும். நீர்த்தட்டு ஆழமற்றதாக இருத்தல் வேண்டும். அகன்ற தட்டாயின் கூழாங்கற்களை இட்டு வைக்கலாம். நனைந்த குஞ்சு குளிரால் இறப்பது மிகச் சாதாரணம்.

வெள்ளைக் கழிச்சல்

புறக்கடைக் கோழிகளுக்கு மிகப்பெரும் கேடு வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயாகும். தற்போதைய உத்தராகண்ட மாநிலத்தில் உள்ள இராணிக்கெட் என்னும் ஊரின் பெயரால் இந்தியாவிலும், 1926இல் நோய் கண்டறியப்பட்ட இங்கிலாந்து நகரின் பெயரால் பிற நாடுகளில் நியூகாசில் நோய் என்றும் இது வழங்கப்படுகின்றது. வைரசு எனும் தீநுண்மமே நோய்க்காரணி. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல், கால் இறக்கை முடக்கம் ஆகியன இதன் அறிகுறிகளாகும். நோய் கண்ட கோழியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பூசி இடாத கூட்டத்தில் ஒரே வாரத்தில் ஏறக்குறைய எல்லாக் கோழிகளும் மடியக்கூடும்.

நோய் ஊரில் நுழைந்ததும், சாவதற்கு முன் விற்றுவிடுவோம் என்று சந்தைக்குக் கொண்டு செல்வது வழக்கம். ஏழைக் குடும்பம் ஒன்றின் நிலையிலிருந்து பார்த்தால் இது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் நோய் அடுத்த ஊருக்குச் செல்வதும் இவ்வழியாகத்தான். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரங்களாவது தனியே வைத்திருந்து பின்னர் கூட்டத்தில் சேர்ப்பதும், அறுத்த கோழியின் குடலையும் இறகையும் புதைப்பதும் பரவலைத் தடுக்கும்.

குஞ்சின் ஏழாம் நாள் அளவில் எஃப் அல்லது லசோட்டா வகைத் தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு இடப்படுகின்றது. நான்காம் வாரத்தில் லசோட்டா மீண்டும் கொடுக்கப்படுகின்றது. எட்டாம் வாரத்தில் ஆர்2பி வகை ஊசி போடப்படுகின்றது. ஆர்2பி வீரியம் மிகுந்தது. அதனை இளங்குஞ்சுகளுக்குப் போட்டால் அதுவே நோயை உண்டாக்கக்கூடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இவை உயிருள்ள தீநுண்மம் கொண்ட மருந்துகள். 2 முதல் 8 பாகை செல்சியசு குளிரில் வைக்கப்பட வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் மருந்தைச் செயலிழக்கச் செய்யும். மேலும் ஒரு குப்பியில் நூற்றுக்கு மேற்பட்ட கோழிகளுக்கான மருந்து இருப்பதால், பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்குவது கட்டுப்படியாவதில்லை. அண்டை வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. தமிழ்நாட்டின் கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன்னர் ஊர்தோறும் தடுப்பூசி முகாம்களை நடத்துவதும் இதற்காகவே. வெப்பத்தைத் தாங்கக்கூடிய வி4, ஐ-2 ஆகிய வகைகள் ஆசுத்திரேலியாவில் உருவாக்கப்பட்டு, ஆசிய, ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் பயன்பட்டுள்ளன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போல் கொத்தித் தின்னத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியுள்ளது.

பிற நோய்கள்

ஈரமான உமியின் வழியாகப் பரவும் ஓரணு உயிரிகளால் இரத்தக் கழிச்சல் உண்டாகின்றது. உமியைக் கிளறி உலர்வாக வைப்பதே முதல் தடுப்பு. கோழி அம்மையைக் கொசுக்கள் பரப்புகின்றன. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளங்கள் எழும். இவற்றின்மீது மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது வழக்கமெனினும் தடுப்பூசிக்கு அது ஈடாகாது. பல கோழிகள் ஒருங்கே இறந்தால் அது வெள்ளைக் கழிச்சலா பறவைக் காய்ச்சலா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

கொன்றுண்ணிகள்

முதல் இரண்டு மூன்று வாரங்களில் காகமே முதல் எதிரி. பருந்து, வல்லூறு ஆகியனவும் பகலில் குஞ்சுகளைத் தூக்கிச் செல்கின்றன. முற்றத்தின் ஒரு பகுதிக்கு மேல் பழைய மீன்வலையைக் கட்டுவதும், குஞ்சுகள் ஓடி ஒளியுமாறு முள்விறகுக் கட்டுகளை ஆங்காங்கே போட்டுவைப்பதும் பயன்தரும். கீரி, பூனை, நாய், பெருச்சாளி, சாரைப்பாம்பு ஆகியன ஏனைய எதிரிகள். கீரியும் சாரைப்பாம்பும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவன. ஆதலால் அவற்றைக் கொல்வது குற்றமாகும். எலிகளைக் கட்டுப்படுத்துவதில் அவற்றின் பங்கும் பெரிது.

இரவில் குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் மூங்கிற்கூடை தமிழ்நாட்டில் பஞ்சாரம் என்றும், யாழ்ப்பாணத்தில் கரப்பு என்றும் வழங்கப்படுகின்றது. கல் பாரம் வைத்தாலும் நாய் இதனைப் புரட்டக்கூடும். பாம்பு இடுக்கில் நுழையும். தரையின் ஈரம் குஞ்சுகளைத் தாக்கும். நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டிய மரக்கூடு இதனினும் பாதுகாப்பானது. கடைகளில் கிடைக்கும் அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்தப் போதுமானது. ஆனால் வெளியிலிருந்து வரும் விலங்கைத் தடுக்க அது போதாது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையே ஏற்றது. கூடு தரையில் அமைந்தால் வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைத்தல் நன்று.

கோழிகள் அந்தி சாய்ந்ததும் தாமே கூட்டுக்குத் திரும்பும் இயல்புடையன. இருளில் அவற்றுக்குப் பார்வை மிகக் குறைவு. அடைத்ததும் எண்ணிப் பார்த்துக் கதவைத் தாழிடும் வழக்கம் பல இழப்புகளைத் தவிர்க்கும். நள்ளிரவில் கூட்டில் சலசலப்புக் கேட்டால், கைவிளக்கால் பார்க்காமல் உள்ளே கைவிடக் கூடாது. நாகம் உள்ளே இருக்கக்கூடும்.