ஸீட் மாறினாலும் செட்டிங் மாறாமல் இருக்க...



லேபில் நமக்கென்று தனிக் கம்ப்யூட்டர் கிடையாது. எந்த ஸீட் காலியோ அதில் உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்ததும் எழுத்தின் அளவை மாற்று, தமிழ் கீபோர்டைத் தேர்ந்தெடு, எடிட்டரில் வரி எண் தெரியும்படி செய் என்று பத்து நிமிஷம் ஓடிவிடும். பிராக்டிகல் நேரத்தில் பத்து நிமிஷம் என்பது சும்மா இல்லை! அடுத்த வாரம் வேறு ஸீட். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம்.

இதற்கு வழி உண்டு. செட்டிங்குகளை மெஷினில் வைக்காமல், நெட்வொர்க்கில் எங்கோ இருக்கும் சர்வரில் வைத்துவிடலாம். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். கொண்டுபோய் வைப்பது பெரிய வேலை இல்லைதான். ஒரே செட்டிங்குக்கு இரண்டு மெஷின்களிலிருந்து இரண்டு மதிப்பு வந்து நின்றால் எதை ஏற்பது? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

செட்டிங் யாருடையது?

தையல்கடையில் நம் அளவு ஒரு நோட்டில் இருக்கும். கடையில் எந்த மெஷினில் உட்கார்ந்து தைத்தாலும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் தைப்பார்கள். ஏனென்றால் அளவு ஆளுக்கு உரியது, மெஷினுக்கு உரியது அல்ல.

பி.சி. உலகம் இப்படித் தொடங்கவில்லை. டாஸில் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட்; விண்டோஸ் 3.1-ல் வின்.இனி, 1995-ல் வந்த விண்டோஸ் 95-ல் ரெஜிஸ்ட்ரி. எல்லாம் பெரும்பாலும் அந்தந்த மெஷினின் ஹார்ட் டிஸ்கோடு ஒட்டிக்கொண்டவை.

யூனிக்ஸ்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆளுக்கு ஒரு ஹோம் டைரக்டரி. அதில், பெயர் புள்ளியில் ஆரம்பிக்கும் சிறு ஃபைல்களில் அவரவர் செட்டிங். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் என்.எஃப்.எஸ். முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த டைரக்டரியையே சர்வரில் வைத்து, எந்த மெஷினிலிருந்தும் திறக்க முடிந்தது. ஒரே குறை, சர்வர் படுத்தால் எல்லோரும் படுக்க வேண்டியதுதான்!

கடைசியில் வந்தவனுக்கே வெற்றி

விண்டோஸ் என்.டி.யில் வந்த ரோமிங் புரொஃபைல் இன்னொரு வழி. லாகின் செய்யும்போது நம் செட்டிங் முழுவதும் சர்வரிலிருந்து மெஷினுக்குக் காப்பியாகி இறங்கும். லாக்-ஆஃப் செய்யும்போது திரும்ப ஏறும். நடுவில் நெட்வொர்க் அறுந்தாலும் வேலை நிற்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது.

நான் ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் லாகின் செய்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மெஷினில் எழுத்தளவை 10-லிருந்து 14 ஆக்குகிறேன். இரண்டாவதில் வால்பேப்பரை மட்டும் மாற்றுகிறேன். முதலாவதை லாக்-ஆஃப் செய்ததும் 14 சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு இரண்டாவதை லாக்-ஆஃப் செய்கிறேன். அதன் காப்பியில் பழைய 10தானே இருக்கிறது? பெரும்பாலான செட்டிங் என்டியூசர்.டேட் என்ற ஒரே ஃபைலில் இருப்பதால், அந்த ஃபைல் மொத்தமாக மேலே ஏறி 14-ஐ அழித்துவிடும். நான் தொடவே தொடாத செட்டிங் பழைய நிலைக்குப் போய்விட்டது! எர்ரர் மெசேஜ்கூட வராது. அதுதான் மோசம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம்

இதைச் சரிசெய்ய என்ன வேண்டும்? மூட்டையாகத் தூக்காமல் ஒவ்வொரு செட்டிங்கையும் தனித்தனியாகக் கையாள வேண்டும். இந்த எண்ணத்தோடு 1997 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 2244 என்ற எண்ணில் ஏகேப் என்ற புரோட்டோகால் வெளியானது. செட்டிங், அட்ரஸ் புக் போன்றவற்றைச் சர்வரில் வைப்பதற்கென்றே எழுதப்பட்டது. இதில் மூன்று விஷயங்கள் எனக்குப் பிடித்தவை.

முதலாவது, ஒவ்வொரு பதிவிலும் அது கடைசியாக மாறிய நேரம் குறிக்கப்படும். அந்த நேரத்தைப் போடுவது சர்வர். நம் மெஷின் அல்ல. காரணம் தெரியுமா? சிமாஸ் பேட்டரி தீர்ந்த மெஷின் என்ன தேதி காட்டும் என்று லேபில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே!

இரண்டாவது, எழுதும்போது நிபந்தனை போடலாம். "நான் படித்தது பத்தேகால் மணி நிலவரம். அதற்குப் பிறகு மாறாமல் இருந்தால் மட்டும் இதை எழுது" என்று சொல்லலாம். நடுவில் வேறு மெஷின் மாற்றியிருந்தால் சர்வர் எழுத மறுத்து, மாறிவிட்டது என்று பதில் சொல்லும். உடனே புரோகிராம் புது மதிப்பைப் படித்துவிட்டு, எது வேண்டும் என்று நம்மைக் கேட்கலாம். சத்தமில்லாமல் அழிவது நின்றது.

மூன்றாவது, வாரிசு முறை. எல்லோருக்கும் பொதுவான மதிப்பை அட்மினிஸ்ட்ரேட்டர் ஒரே இடத்தில் வைப்பார். நாம் மாற்றியது மட்டும் நம் பெயரில் இருக்கும். மற்றதெல்லாம் பொதுவிலிருந்து வரும். பிரிண்டர் சர்வரின் பெயர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

இவ்வளவு நல்ல முறை பரவியதா என்றால், இல்லை. அதை ஆதரித்த சாஃப்ட்வேர்கள் மிகச் சில. ஆனால் எண்ணம் சாகவில்லை. 1998-ல் நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் 4.5, புக்மார்க் முதலியவற்றைச் சர்வரில் வைக்கும் வசதியோடு வந்தது. 2011-ல் ஃபயர்ஃபாக்ஸ் 4-க்குள்ளேயே சிங்க் வசதி வந்தது. இன்று போனில் சேமித்த புக்மார்க் கம்ப்யூட்டரில் தெரிவது இந்த வழியில்தான்.

எதை அனுப்பக் கூடாது?

எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்புவது புத்திசாலித்தனம் அல்ல. திரையின் ரெசல்யூஷன், டி டிரைவில் உள்ள ஃபோல்டர் முகவரி இவையெல்லாம் மெஷினுக்கு உரியவை. அடுத்த மெஷினில் டி டிரைவே இல்லாவிட்டால் புரோகிராம் திருதிருவென்று விழிக்கும்.

அடுத்தது பாஸ்வேர்ட். ஃபயர்ஃபாக்ஸ் சிங்க், தகவலை நம் மெஷினிலேயே பூட்டிவிட்டு அனுப்புகிறது. சர்வரை நடத்துபவராலும் படிக்க முடியாது. ரொம்பச் சரி. ஆனால் பொது மெஷினில் நாமே சிங்க் போட்டால்? பூட்டுத் திறந்து, சேமித்த பாஸ்வேர்டெல்லாம் அந்த மெஷினில் வந்து இறங்கும். விண்டோவை மூடினால் போகாது. ஸைன்-அவுட் செய்து, அங்கே இறங்கிய தகவலையும் நீக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து உட்காருபவர் நம் மெயிலைத் திறக்கலாம். ஸ்காலர்ஷிப் வரும் பாங்க் கணக்கு வரைக்கும் போகலாம். ஆகவே பொது மெஷினில் பிரௌசர் சிங்க் போடவே வேண்டாம் என்பது என் கருத்து.

நண்பர்களே, இறுதியாண்டு புராஜெக்டுக்கு எந்த புரோகிராம் எழுதினாலும், கோடிங்குக்கு முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். ஆளுக்கு உரியது, மெஷினுக்கு உரியது, ரகசியம். முதல் கட்டத்தில் உள்ளது மாறிய நேரத்தோடு சர்வருக்குப் போகட்டும். இரண்டாவது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மூன்றாவது பூட்டாமல் எங்கும் போகக் கூடாது. இந்தப் பிரிவினை சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி கோடிங்தான்!