மாடிக்குக் குடிபோன தியேட்டர்!

பழைய வீட்டுக்கு ஜாக்கி வைத்து உயர்த்துவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தியேட்டருக்கே ஜாக்கி வைத்த கதை தெரியுமோ? ஆயிரத்து எழுநூறு பேர் உட்காரக்கூடிய அரங்கம், எடை சுமார் 7,000 டன். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 2022-ல் அதை அலாக்காக 30 அடி உயர்த்தி நிறுத்திவிட்டார்கள்!

பெயர் பேலஸ். 1913-ல் மார்ட்டின் பெக் என்பவர் கட்டியது. சினிமாவுக்காக அல்ல, 'வாடவில்'லுக்காக. அது என்ன என்கிறீர்களா? ஒரே டிக்கெட்டில் பாட்டு, டான்ஸ், காமெடி, மேஜிக், சர்க்கஸ் வித்தை... எல்லாம் கலந்த கதம்பம்! ஆரம்பத்தில் பேலஸ் ஈ ஓட்டியது. பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் மேடையேறியதும்தான் பிக்கப். அப்புறம், "பேலஸ்ல ஆடினேன்" என்பதுதான் வாடவில் கலைஞர்களுக்குப் பத்மஸ்ரீ!

வந்தது ரேடியோ, வந்தது பேசும் படம், கூடவே பொருளாதார மந்தம். 1932-ல் பேலஸ் முழுநேர சினிமாக் கொட்டகை ஆயிற்று. 1941-ல் ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது இங்கேதான். 1951-ல் ஜூடி கார்லண்ட் 19 வாரம் பாடி, மேடைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1966 முதல் பிராட்வே இசை நாடகங்கள்.

சரி, ஏன் தூக்கினார்கள்? நான் பி.காம். எனக்குப் பேலன்ஸ் ஷீட்தான் முதலில் கண்ணில் படும். டைம்ஸ் சதுக்கத்தில் தெருவைப் பார்த்த தரைத்தளம் என்றால் தங்கச் சுரங்கம். அங்கே கடை போட்டால் வாடகை கொட்டும். தியேட்டரை இடிக்கலாமென்றால் முடியாது. அதன் உட்புறத்தை 1987-லேயே பாதுகாக்கப்பட்ட சின்னமாக நகராட்சி அறிவித்துவிட்டது. இடிக்க வழியில்லை, விடவும் மனசில்லை. தூக்கு மேலே! 2024-ல் மறுபடி திறந்தாயிற்று.

எனக்குள்ளே ரசிகனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் சண்டை. "ராஜா மாதிரி இருந்ததை மாடிக்கு விரட்டிட்டாங்களே!" என்கிறான் ரசிகன். "போடா, இருக்கே, அதைப் பார்!" என்கிறான் கணக்குப்பிள்ளை.

இந்த ஒரு தடவை கணக்குப்பிள்ளை கட்சிதான் நான். வெறும் பாசம் மட்டும் இருந்திருந்தால், கடைசி ஷோவுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மறுநாள் கடப்பாரை வந்திருக்கும். பாசத்தோடு சட்டமும் இருந்ததால், கடப்பாரைக்குப் பதில் ஜாக்கி வந்தது!