பாலும் பாசமும்

அதிகாலையில் உங்கள் அடுப்பில் பொங்கும் பாலுக்குப் பின்னே ஒரு தாயின் உழைப்பு இருப்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இயற்கை முறைப் பால் பண்ணை நடத்தும் குடும்பங்களின் வாழ்வைச் சற்றே நோக்குவோம்.

அங்கே வீடும் தொழுவமும் வேறு வேறல்ல. நாள்தோறும் இருவேளை பால் கறந்தாக வேண்டும். இன்று விடுமுறை என்றோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ தள்ளிப்போட இயலாது. பல குடும்பங்களில் கன்றுகளைப் பேணும் பொறுப்பும் தாயையே சேர்கிறது. பிறந்த கன்றுக்குச் சில மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்ட வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றலை அது அதிலிருந்தே பெறுகிறது. தன் மழலைக்குப் பாலூட்டி உறங்க வைத்துவிட்டுக் கன்றுக்குப் புட்டியை ஏந்திச் செல்லும் அன்னையை நினைத்துப் பாருங்கள்!

‘இயற்கைப் பால்’ என்னும் முத்திரை எளிதில் கிடைப்பதன்று. விளைநிலத்தில் 3 ஆண்டுகளாவது இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இட்டிருக்கக் கூடாது. 2010-இல் வெளியான அரசு விதிப்படி, ஆண்டில் குறைந்தது 120 நாட்கள் மாடுகள் மேய்ச்சலுக்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் அவை உண்ணும் தீவனத்தில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், சராசரியாக 30 சதவிகிதமேனும் மேய்ச்சல் நிலத்திலிருந்து கிடைக்க வேண்டும்.

இவற்றினும் கடினமான விதி ஒன்றுண்டு. ஆண்டிபயாடிக் மருந்து பெற்ற பசுவின் பாலை அதன்பின் ஒருபோதும் இயற்கைப் பாலாக விற்க முடியாது. அப்படியானால் மருந்து கொடுக்காமலே விட்டுவிடலாமா? அதுவும் கூடாது! முத்திரை போய்விடுமே என்று அஞ்சி நோயுற்ற பிராணிக்குச் சிகிச்சையை மறுக்கலாகாது என அதே விதி கட்டளையிடுகிறது.

நல்ல கறவைப் பசு ஒன்று மடிநோய் முற்றிப் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுமதிக்கப்பட்ட வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. ஊசி போட்டால் உயிர் பிழைக்கலாம். ஆனால் இயற்கை மந்தையிலிருந்து அதனை விலக்க வேண்டும். பெரும்பாலும் விற்றுவிடவே நேரும். வருமானத்தில் துண்டு விழும். கன்றாயிருந்தபோதே பெயர் வைத்துக் கொஞ்சிய பிள்ளைகள் கண்ணீர் வடிப்பார்கள். அவர்களை அருகழைத்து, பசுவின் உயிரைக் காக்கவே அதனைப் பிரிகிறோம் என்று எடுத்துரைக்க வேண்டியவர் தாயல்லவா? நட்டத்தை ஏற்றும் நியாயத்தைக் கைவிடாத பெற்றோரைக் கண்ணெதிரே கண்டு வளரும் பிள்ளைகளுக்கு வேறு நீதிபோதனை வேண்டுமோ?

சகோதரிகளே! அந்த விதி நம் இல்லங்களுக்கும் பொருந்துவதே. சாதாரணச் சளிக்கெல்லாம் கடையில் கேட்டு ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் பிள்ளைக்குத் தராதீர்கள். அதேவேளை, மருத்துவர் ஆராய்ந்து எழுதித் தந்தால், ‘இயற்கையே போதும்’ என்று அதனை மறுத்தும் விடாதீர்கள். அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். தேவையற்றபோது தவிர்ப்பதும் தேவையானபோது தயங்காமல் கொடுப்பதும் தாயன்பின் கடமைகளே!